நூறு பேரிடம் கேட்டால் தொகுதி முடிவு தெரிந்துவிடுமா?

தெருவிலும் டீக்கடையிலும் ஒரு நூறு பேரிடம் கேட்டால் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நானே செய்து பார்த்துத் தப்பாகச் சொன்னவன்.

2019ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஏப்ரலில் நடக்க வேண்டியது. பணம் பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்ட் 5க்குப் போனது. எங்கள் ஊர் குடியாத்தம். நானும் இரண்டு நண்பர்களும் நோட்டோடு கிளம்பி, தறி ஓடும் தெருக்கள், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் என்று மூன்று நாளில் 110 பேரிடம் கேட்டோம். அ.தி.மு.க. கூட்டணி வேட்பாளர் ஏ.சி.சண்முகம் நன்றாகவே முந்தினார். அவர்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னோம். 9ஆம் தேதி எண்ணியபோது தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார்.

எங்கள் ஊர்க் கணக்கு தப்பவில்லை. வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதில் குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு மூன்றிலும் சண்முகம்தான் முன்னணி. வேலூர், ஆம்பூர், முக்கியமாக வாணியம்பாடி, இவை எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. அங்கே நாங்கள் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை.

ஊருக்குள்ளேயும் யார் பதில் சொன்னார்கள்? வெளியே நின்ற ஆண்கள்தான் அதிகம். வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா, ராட்டையை நிறுத்தாமலே, "நீ எந்தக் கட்சி தம்பி?" என்றார். "கட்சியெல்லாம் இல்லக்கா." அவர் நம்பவில்லை. "போடறவங்களுக்குப் போடுவோம், போ." இப்படிச் சொன்னவர்கள் 19 பேர். அவர்களை விட்டுவிட்டுச் சதவீதம் போட்டோம். அந்த 19 பேருக்கும் ஓட்டு இருந்தது.

அப்புறம் எண்ணிக்கை. குலுக்கல் முறையில் சரியாகவே நூறு பேரை எடுத்தாலும், ஒருவருக்கு 50 சதவீதம் என்று வந்தால் உண்மை 40க்கும் 60க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். ஆயிரம் பேர் என்றால் 3 சதவீதம் முன்னே பின்னே. வேலூரில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துக் காட்பாடியில் துரைமுருகன் ஜெயித்தது வெறும் 746 ஓட்டில்.

ஆளைக் கூட்டினால் மட்டும் சரியாகிவிடாது. 1936ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை தபாலில் கருத்துக் கேட்டது; 20 லட்சம் பேருக்கு மேல் பதில் அனுப்பினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். போன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அனுப்பியிருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அது வசதியானவர்கள் பட்டியல். அனுப்பியதிலும் நாலில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது.

அதற்காகக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேட்டால், மக்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியும். 2019 ஜூலையில்தான் எங்கள் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து, தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்த சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போக ஆரம்பித்தது. வேட்பாளர் பெயரைச் சொல்லத் தயங்கியவர்கள்கூட, குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை நிறுத்தாமல் சொன்னார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.