வேகமாக வளரும் ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன், ஆபீஸ் சூழல் சரியில்லை. தாக்குப்பிடிப்பதா, கிளம்புவதா?

இரண்டு வருடத்தில் இரண்டு பதவி உயர்வு, கையில் ஈசாப் (நிறுவனத்தின் பங்குகளைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை), ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் இரண்டரை வருடம் இருந்தேன். நான் சேர்ந்தபோது 19 பேர். கிளம்பியபோது 240 பேர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே கற்றதுபோல் வேறெங்கும் நான் கற்றதில்லை. இரண்டு சர்வரில் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் என் கண்ணெதிரே அறுபது சர்வருக்குப் போனது. நடுராத்திரி அலர்ட் வந்தால் பதறாமல் எங்கே அடைப்பு என்று தேடும் பழக்கம் அங்கே வந்ததுதான். அதனால் ஸ்டார்ட்அப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 19 பேர் இருக்கும்போது, யாருக்கு என்ன கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். இருவர் இருவராகக் கணக்குப் போட்டால் 171 ஜோடிகள்தான். 240 பேரில் அது 28,680. அவ்வளவையும் யாராலும் தெரிந்துவைத்திருக்க முடியாது, அந்த இடத்தை மேனேஜர்கள்தான் நிரப்ப வேண்டும். எங்கள் இடத்தில் நன்றாகக் கோட் எழுதுகிறவர்களை மேனேஜர் ஆக்கினார்கள், என்னையும் சேர்த்து. ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. ஹெச்ஆர் என்று இருந்த இருவரும் ஆள் எடுப்பதற்காக வந்தவர்கள். மாதம் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களுக்கே மதிப்பீடு. புகார் கொண்டுபோனால் அது நேராக நிறுவனரிடம் போகும், அவர் மனதில் அடுத்த ஃபண்டிங் ரவுண்டைத் தவிர வேறெதுவும் இருக்காது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி யாரும் அறிவிக்க மாட்டார்கள். சாட்டில் ஒருவர் பெயர் காலையில் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான்.

என் டீமில் சேர்ந்து ஐந்து மாதமான ஒரு பெண். பேமெண்ட் விவரங்கள் சேரும் ஒரு பெரிய டேபிளில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) சேர்க்கும் வேலை அவளுக்கு. நாங்கள் பயன்படுத்திய டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால், அது முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத முடியாது. ‘கன்கரன்ட்லி’ என்று சேர்த்துப் போட்டால் எழுதுவது நிற்காது, ஆனால் வேலை முடிய அதிக நேரம் பிடிக்கும். அவள் அதை டீம் சாட்டில் சரியாகவே கேட்டாள்: “கன்கரன்ட்லி போட்டு, ராத்திரி ஓட்டட்டுமா?” இன்ஜினியரிங் தலைவர் பதில் போட்டார்: “டைம் இல்ல. இப்பவே நார்மலா ஓட்டு.” ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அன்று மாலை டெமோ. ஓட்டினாள். 47 நிமிடம் ஒரு பேமெண்ட்கூட உள்ளே போகவில்லை.

திங்கட்கிழமை முப்பது பேர் உட்கார்ந்திருந்த அறையில் அதே தலைவர் கேட்டார்: “யார் ஓட்டினது?”

“நான்தான்.”

“புரொடக்‌ஷன்ல டேபிள் லாக் ஆகும்னு தெரியாதா?”

அவள் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது. நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. என் லேப்டாப்பில் அந்த சாட் திறந்தே இருந்தது. அவர் போட்ட உத்தரவு திரையில் இருந்தது. இரண்டு வாரத்தில் எனக்கு அப்ரைசல். நான் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரத்தில் அவள் பெயரும் சாம்பலானது. பிறகு ஒருநாள் மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வந்தது: “அண்ணா, அன்னைக்கு உங்க லேப்டாப்ல அந்த மெசேஜ் திறந்திருந்துச்சு. நான் பாத்துட்டேன்.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், மோசமான சூழலில் நமக்கு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம்: ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ், ரத்தான லீவு. நாம் என்னவாக மாறுகிறோம் என்பது கண்ணில் படாது. நானே அப்போது என் டீமுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்திருந்தேன்.

உங்கள் நிறுவனம் திருந்துமா என்று தெரிய, அங்கே யாரைத் தொட முடியாது என்று பாருங்கள். ஊபரில் வேலை பார்த்த சூசன் ஃபவுலர் 2017 பிப்ரவரியில் எழுதியது உலகத்துக்கே தெரியும். டீமில் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சாட்டில் தகாத விதமாகப் பேசியதை ஸ்கிரீன்ஷாட்டோடு ஹெச்ஆரிடம் கொடுத்தார். இது அவருடைய முதல் தவறு, நன்றாக வேலை செய்கிறவர், அதனால் பெரிய தண்டனை கொடுக்க முடியாது என்றார்கள். பிறகு பார்த்தால், அதே ஆளைப் பற்றி வேறு பெண்களும் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். ஃபவுலர் எழுதியது வெளியே வந்த பிறகு விசாரணை நடந்தது, ஜூனில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை நீக்கினார்கள், அதே மாதம் தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக்கும் பதவி விலகினார். ஓர் இன்ஜினியர் வேலையை விட்டு வெளியே வந்து ஊரறிய எழுதிய பிறகுதான் இவ்வளவும் நடந்தது. இதற்கு நேர்மாறாக, வருமானம் கொண்டுவருகிற ஒருவரை நடத்தை சரியில்லை என்று உங்கள் நிறுவனம் ஒரு தடவையாவது வெளியே அனுப்பியிருந்தால், அங்கே இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம்.

அடுத்த தடவை ஒரு கூட்டத்தில் உண்மை தெரிந்தும் எல்லோரும் சும்மா இருக்கும்போது, நீங்கள் சத்தம் போடாமல் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். “அப்படி ஓட்டச் சொன்னது நாமதான்” என்ற அளவுக்குப் போதும். அதற்குப் பிறகு ஒரு மாதம் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதிலேயே பதில் கிடைத்துவிடும். எனக்கு அதைச் செய்யத் தைரியம் வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். நான் பேசிய அடுத்த வாரமே என்னை ஒரு பிராஜெக்டிலிருந்து எடுத்தார்கள்.

ஈசாப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் என்னை அங்கே கூடுதலாக ஏழு மாதம் கட்டிவைத்தது அதுதான். பெரும்பாலும் நான்கு வருட வெஸ்டிங், அதாவது அந்த உரிமை முழுதாகக் கைக்கு வர நான்கு வருடம், முதல் வருடம் முடிந்தால்தான் முதல் கால்பங்கு. அதற்குப் பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் கிளிஃப் என்கிற அந்த முதல் வருடக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், சேர்ந்தவரை உங்களுடையது. ஆனால் வேலையை விட்ட பிறகு எத்தனை நாளுக்குள் பணம் கட்டி வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பல இடங்களில் 90 நாள்தான், விலையோடு வரியும் சேரலாம். கம்பெனி விற்கப்பட்டால் முதலீட்டாளர்கள் பெரும்பாலும் தங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம்தான் நமக்கு. 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட, ஆபீஸ் இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் 2023 நவம்பரில் திவால் மனு போட்டது. காகிதத்தில் உள்ள எண்ணை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். நான் என் பங்குகளை வாங்கவில்லை.

வேலையில் இருக்கும்போதே வேறு தேடுங்கள். நடந்தவற்றைத் தேதி போட்டு உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள், ஆனால் கம்பெனி ஃபைல்களையோ புரோகிராம் கோட்களையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். புகாரில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். தூக்கம் கெட்டுவிட்டது என்றால் இதெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். நான் தள்ளிப்போட்டது தப்பு.

அடுத்த இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது, அவர்களிடம் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியா சிஸ்டம் படுத்தப்போ என்ன நடந்துச்சு?” நான் இப்போது இருக்கும் இடத்தில் அதைத்தான் கேட்டேன். எதிரே இருந்த அம்மா எழுந்துபோய்ப் பலகையில் மூன்று பெட்டி வரைந்து, எந்த இடத்தில் எந்த எச்சரிக்கை இல்லாமல் போனது, அதற்குப் பிறகு எதை மாற்றினார்கள் என்று இருபது நிமிடம் சொன்னார். அந்த இருபது நிமிடத்தில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. அன்று சாயங்காலமே சரி என்று சொல்லிவிட்டேன்.