12 அடி மரமா, மூன்றடிக் கன்றா?

ஆடி பிறந்தாலே தோட்டக் கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். இந்த முறை பூமரக் கன்று வாங்கியவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள், வாங்கப் போகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடவாக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வாசலில் ஒரு சரக்கொன்றை வைக்க ஆசை. நர்சரியில் 12 அடி உயரத்தில் பெரிய பையில் நிற்பதற்கு 4,500 ரூபாய் சொல்கிறார், மூன்றடிக் கன்று 150 ரூபாய்தான். பெரியதை வாங்கினால் வருகிற சித்திரைக்கே பூக்கும் என்கிறார். நம்பலாமா?

பதில்: பூத்தாலும் பூக்கும், அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 4,500 ரூபாயில் பெரும்பங்கு நீங்கள் கொடுப்பது உயரத்துக்கு. அவ்வளவு உயரத்தைத் தாங்குகிற வேர் அந்தப் பைக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, பல நேரம் இருக்காது. இப்படி விற்கும் மரங்கள் இரண்டு விதம். ஒன்று, தரையில் வளர்ந்ததைச் சுற்றிலும் வெட்டித் தோண்டி எடுத்துப் பையில் கட்டியது, பாதி வேர் தோண்டிய இடத்திலேயே போயிருக்கும். இன்னொன்று, வருடக்கணக்கில் பையிலேயே வளர்ந்து, போக இடமில்லாமல் வேர் வட்டம் வட்டமாகச் சுருண்டுகொண்டது. முதல் வகை உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம், வளராமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் இழந்த வேரைத் திரும்ப உண்டாக்கவே அதற்கு நேரம் சரியாக இருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து. பார்க்க நன்றாகவே வளரும், சுருண்ட வேர் பருத்துப் பருத்துத் தன் தண்டையே இறுக்கும், பக்கவாட்டில் பிடிமானம் இல்லாததால் ஒரு நாள் பலத்த காற்றில் சாயும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த மறுநாள் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு மரம் விழுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேரோடு பெயர்ந்து கிடந்தவற்றில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் ஏராளம். அவை இயல்பிலேயே காற்றுக்குப் பலவீனமானவை என்பது ஒரு காரணம், வேர் பரவ மண்ணே இல்லாமல் சிமெண்டுக்கு நடுவே நின்றது இன்னொரு காரணம்.

அதனால் என் வாக்கு மூன்றடிக் கன்றுக்கு. நல்ல வேரோடு இருந்தால் மூன்று நான்கு வருடத்தில் பெரியதை எட்டிப்பிடித்துவிடும், மிச்சமாகும் காசில் மண்ணைச் சரி செய்யலாம். பூவுக்குச் சில வருடம் காத்திருக்க வேண்டும்தான், மறைக்கவில்லை.

சரி, அந்த 150 ரூபாய் கன்றை எப்படிப் பார்ப்பது? முதலில் நர்சரிக்காரர் அதை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். பையைத் தூக்கும்போது அடியில் ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்டால் கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். பையின் ஓட்டை வழியாக ஆணிவேர் தரைக்குள் இறங்கி, கன்று இத்தனை நாளும் அந்தத் தரையிலிருந்துதான் தண்ணீர் குடித்திருக்கிறது. இழுத்தவுடன் அந்த வேர் அறுந்துவிட்டது. அன்றைக்குப் பச்சைப் பசேலென்று இருக்கும், ஒரு வாரத்தில் தலை தொங்கும், நீங்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள். அப்புறம் தண்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். மண்ணை விட்டுத் தண்டு மட்டும் கழன்று வருகிற மாதிரி இருந்தால் இப்போதுதான் பை மாற்றியிருக்கிறார்கள், பெரிய பைக்கான விலை சொல்வார்கள், வேர் என்னவோ பழைய சின்னப் பை அளவுதான். சென்னையைச் சுற்றியுள்ள நர்சரிகளுக்குச் செடிகள் ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் பகுதியிலிருந்தும் லாரியில் வருகின்றன, ஆகவே இது எப்போது வந்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் அங்கே நின்று புதுத் தளிர் விட்டிருந்தால் நல்லது.

புது வீட்டுக்காரர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கட்டி முடித்த வீட்டின் மதிலோரம் இருப்பதை மண் என்று நம்பாதீர்கள். ஒன்றரை அடி தோண்டினால் ஜல்லி, உடைந்த செங்கல், கெட்டியான சிமெண்ட் கலவை எல்லாம் வரும். அதையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டடிக்கு இரண்டடி குழி போட்டு, ஒரு முறை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் களிமண் என்று அர்த்தம். அந்தக் குழியில் செம்மண்ணும் உரமும் போட்டு நிரப்பினால் ஐப்பசி மழையில் அது தொட்டி மாதிரி நிரம்பி வேர் அழுகும், அங்கே அரையடி மேடு கட்டி நடுவதுதான் வழி. பையை இழுத்துக் கழற்றாமல் பிளேடால் கிழித்து எடுங்கள். சுற்றிக்கொண்ட வேர் தெரிந்தால் மண்ணுருண்டையின் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். பையில் மண் எந்த மட்டம் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், தண்டைப் புதைத்து நட்டால் பட்டை அழுகும். குச்சி நட்டுக் கட்டினால் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு கொஞ்சம் ஆடினால்தான் அதற்கு உறுதி ஏறும். மதிலிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள், கழிவுநீர்த் தொட்டி இருக்கும் பக்கமே வேண்டாம்.

கேள்வி: மதுரையில் நான்கு வருடத்துக்கு முன் சரக்கொன்றை என்று சொல்லித்தான் வாங்கினேன். இப்போது மஞ்சளாகப் பூத்திருக்கிறது, ஆனால் சரமாகத் தொங்கவில்லை, கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கிறது. இலையும் சின்னச் சின்னதாக இருக்கிறது. நான் சரியாக வளர்க்கவில்லையா அண்ணா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மஞ்சள்கொன்றை. நல்ல நிழல் மரம்தான், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது அது இல்லையே. கன்றிலேயே கண்டுபிடித்திருக்கலாம். சரக்கொன்றைக்கு ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி சிற்றிலைதான் இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக, பளபளப்பாக இருக்கும். மஞ்சள்கொன்றையில் ஜோடிகள் அதிகம், சிற்றிலை இரண்டு விரல் அகலம்கூட வராது, நுனி மழுங்கியிருக்கும். இதே பெயரில் இன்னொன்றும் திரிகிறது. நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளுக்குள் புகுந்து, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கும் அந்நிய மரத்தையும் மஞ்சக்கொன்னை என்றுதான் சொல்கிறார்கள். அதை வீட்டில் தெரிந்தே யாரும் வைக்க வேண்டாம்.

பணம் திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எப்போது எழுந்தது, வாங்கிய அன்றா பூத்த அன்றா என்று வாதாடலாம், ஆனால் கையில் செடியின் பெயர் எழுதிய ரசீது இருக்கிறதா? ‘செடி - 1’ என்று எழுதியிருந்தால் வாதாட ஒன்றுமில்லை. இனிமேல் ரசீதில் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள், ஒட்டுச்செடி (வேரோடிருக்கும் ஓர் அடிச்செடியின் மேல் நல்ல செடியின் கிளையை ஒட்டி வளர்த்தது) என்றால் ‘ஒட்டு’ என்றும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

நானும் பட்டவன்தான். ஒட்டுச் செண்பகம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன். விதைக் கன்று பூக்கப் பல வருடம் பிடிக்கும், ஒட்டு இரண்டு மூன்று வருடத்தில் பூத்துவிடும், அதற்காகத்தான் கூடுதல் விலை. வந்த மாதமே அடியிலிருந்து ஒரு கொழுத்த தளிர் வந்தது, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டேன். அது ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து வந்த தளிர், அதாவது அடிச்செடியுடையது. ஆறு மாதத்தில் சத்தையெல்லாம் அது எடுத்துக்கொண்டு மேலே இருந்த நல்ல கிளை காய்ந்துவிட்டது. இதில் நர்சரிக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒட்டுச்செடி வாங்கினால் அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அது ஒட்டே இல்லை.

கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் ஈழத்தலரி, பவளமல்லி என்று நான்கு கன்று 1,100 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். எட்டு நாள் கழித்து வந்த பெட்டியில் இரண்டு அழுகி நாற்றமடித்தன. செடிகளுக்குப் பணம் திரும்பத் தரும் வழக்கம் இல்லை என்கிறார்கள்.

பதில்: வழக்கம் அவர்களுடையது, விதி வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததையோ திரும்பப் பெற மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. செடிக்கு அதில் விலக்கு எதுவும் கிடையாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தரவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனாலும் அழுகிய இரண்டு கன்றுக்கான 550 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதற்கு முன் 1915ஐ முயன்று பாருங்கள். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படமோ வீடியோவோ இருந்தால்தான் இதெல்லாம் நிற்கும். நட்டுப் பத்து நாள் கழித்துப் பட்டுப்போனது என்றால் யார் தப்பு என்று நிரூபிப்பது கஷ்டம்.

கேள்வி: கோவையில் மதிலை ஒட்டி மறைப்புக்காகக் கோனோகார்பஸ் என்ற மரத்தை வைக்கச் சொல்கிறார்கள். மலிவு, வேகமாக வளருமாம்.

பதில்: வேண்டாம். குஜராத் 2023இல் தடை செய்தது, தமிழ்நாட்டிலும் தடை இருக்கிறது. இன்னும் விற்கிறார் என்றால் அவரிடம் வேறு எதை வாங்குவதற்கும் நான் யோசிப்பேன். மறைப்புக்குச் செம்பருத்தி, மருதாணியே போதும்.

கேள்வி: கன்று 200 ரூபாய்தான், ஆனால் வேர் ஊக்கி, பூ டானிக், பிளாஸ்டிக் தொட்டி, ஜிஎஸ்டி என்று சேர்த்து 1,400 ரூபாய்க்கு பில் போட்டுவிட்டார். சரிதானா?

பதில்: உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. பில்லில் கன்றுக்கு நேராக வரி போட்டிருந்தால் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். டானிக் பாட்டில்களைத் திறக்காமல் இருந்தால் அவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். புதிதாக நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மாதம் தேவைப்படுவது தண்ணீரும் அடியைச் சுற்றிக் காய்ந்த இலை மூடாக்கும்தான், அந்த மூடாக்கும் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். தரையில் நடுவதாக இருந்தால் தொட்டி எதற்கு வாங்கினீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: போன ஐப்பசியில் வைத்த சரக்கொன்றையில் இலையெல்லாம் பச்சைப் புழு தின்று மொட்டையாகிவிட்டது. நோயுள்ள கன்றை விற்றுவிட்டார் என்று சண்டை போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. அது அநேகமாகக் கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சியின் புழு, கொன்றை இலையைத் தேடி வந்துதான் முட்டையிடும். அந்தப் புழு வந்ததே அது அசல் கொன்றை இனம் என்பதற்கு ஓர் அடையாளம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் திரும்பத் தளிர்க்கும். மருந்து அடிக்காமல் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து பாருங்கள்.