மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் போதாதா? – விசா மெடிக்கல் பற்றிய கேள்வி-பதில்

கே: தம்பி கனடாவில் இருக்கிறான். அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சூப்பர் விசா (பெற்றோர் நெடுநாள் தங்குவதற்கான விசா) போடுகிறோம். போன மாதம்தான் காரைக்குடியில் முழு மாஸ்டர் செக்கப் எடுத்தோம். அதை இணைத்தால் போதாதா? அப்பச்சிக்குச் சர்க்கரை இருப்பதால் தள்ளிவிடுவார்களா? (பள்ளத்தூர் வாசகி)

ப: போதாது. கனடா அரசு தன் பட்டியலில் வைத்திருக்கும் மருத்துவர் செய்தால்தான் செல்லும். நம் பக்கத்துக்குக் கைக்கெட்டுவது சென்னை. முடிவு கணினி வழியே நேராக அவர்களுக்குப் போய்விடும். உங்கள் கையில் கிடைப்பது ஓர் எண்ணுள்ள தாள் மட்டும். அந்த எண்ணைத்தான் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். 12 மாதம் செல்லும்.

சர்க்கரை இருப்பதாலேயே யாரையும் தள்ளுவதில்லை. மறைத்துவிட்டுச் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் கூடுதல் தாமதம்தான். ரத்தம் எடுக்கிறார்களே என்று சிலர் அன்றைக்குக் காலை மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு போகிறார்கள். கனடாவுக்குப் பார்க்கும் எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பிரஷர் மாத்திரையை விட்டால் அளவு ஏறி, மறுபடி வரச் சொல்வார்கள். பல்லவன் ரயிலில் போனால் எழும்பூர் சேரவே நண்பகல் ஆகிவிடும். அன்றைக்கே அவசரமாக ஓடாமல் மறுநாளைக்கு நேரம் வாங்குங்கள்.

மாஸ்டர் செக்கப் வீணில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c), எக்கோ, முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கண் பார்வையும் பார்ப்பார்கள் என்பதால் மூக்குக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம்.

கே: நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறேன். எக்ஸ்ரேக்குத் தாலிச் சங்கிலியைக் கழற்றத்தான் வேண்டுமா? நான்கு வயது மகளுக்கும் எக்ஸ்ரே உண்டா? (தேவகோட்டை)

ப: உலோகம் எதுவும் நெஞ்சுக்கு மேல் கிடக்கக் கூடாது. கழற்ற மனமில்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வருகிறார்கள். அப்போதும் பொட்டும் குண்டும் படத்தில் விழும். கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளினாலும் விழும், ஏனென்றால் எக்ஸ்ரே உடம்பை ஊடுருவிப் போகிறது. படம் எடுக்கும் அரை நிமிடம் கையில் வைத்துக்கொள்வதே வழி.

நகையை விடப் பெரிய தொல்லை சடை. தோளில் விழும் ஈரப் பின்னல் நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும். காசநோய்த் தழும்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு பின்னலால் மறுபடம் எடுத்தவர்கள் உண்டு. கொண்டையாகத் தலைமேல் தூக்கிக் கட்டுங்கள். ரவிக்கை ஊக்கு, சேஃப்டி பின்னும் வேண்டாம்.

இங்கிலாந்து கேட்பது காசநோய்ச் சான்று மட்டுமே. ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்குத்தான் அது வேண்டும். சான்று 6 மாதம் செல்லும். 11 வயதுக்குக் கீழே பொதுவாக எக்ஸ்ரே இல்லை. ஆனாலும் குழந்தையை அழைத்துப் போக வேண்டும். கேள்விகள் கேட்டுத் தனிச் சான்று தருவார்கள்.

கே: 15 வருடத்துக்கு முன் டிபி வந்து அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். இப்போது ஒன்றுமில்லை. சொல்லலாமா, விட்டுவிடலாமா? (திருப்பத்தூர்)

ப: சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் தழும்பு சொல்லிவிடும்.

எந்த நாடு என்பதைப் பொறுத்து விளைவு மாறும். வளைகுடா வேலைக்கான பரிசோதனையில் ஆறிப்போன பழைய தழும்புக்கே ‘அன்ஃபிட்’ போடுவார்கள். ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் இங்கேயே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அப்படித் தள்ளுவதில்லை. மூன்று நாள் சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் வைப்பார்கள். அது முடிய சுமார் 8 வாரம். அதுவரை விண்ணப்பம் நகராது. டிக்கெட் போட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள் என்பது இதனால்தான்.

சளி என்று எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்து வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். பயத்தில் யாரும் தாமாக ஆன்டிபயாடிக்கோ டிபி மருந்தோ தொடங்கிவிட வேண்டாம். கல்ச்சர் முடிவே குழம்பிப்போகும். பழைய சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே படம் பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள். தழும்பு மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கே: அக்கா மூலம் அமெரிக்க கிரீன் கார்டு. பிள்ளைகளுக்கு 12, 9 வயது. அரசுத் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. வேறு வேண்டுமா? (புதுவயல்)

ப: வேண்டும். அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கி அதில் சேராது. அமெரிக்கா மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் கேட்கும். சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை. நம் வீடுகளில் அம்மை வந்தால் வேப்பிலை கட்டுவோமே தவிர, சீட்டு வாங்கி வைப்பதில்லை. அதனால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கலாம், இருந்தால் ஊசி வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காசநோய்க்கு ‘இக்ரா’ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. பிசிஜி (பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசி) போட்டிருந்தால் அதனால் இது பாசிட்டிவ் ஆகாது. ஆனால் எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளைப் போட்ட நான்கு வாரத்துக்குள் எடுத்தால் முடிவை நம்ப முடியாது. இக்ரா எடுக்கும் அன்றைக்கே ஊசி போடுங்கள், அல்லது ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விடுங்கள். ஊசி வரிசையின் எல்லாத் தவணையும் முடிந்திருக்க வேண்டியதில்லை. முதல் தவணை போட்டிருந்தால், மீதியை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் 1957-க்கு முன் பிறந்தவர் சேர்ந்து வந்தால் அவருக்கு எம்எம்ஆர் கேட்கமாட்டார்கள்.

கே: எங்கள் வீட்டு வழக்கப்படி பெயருக்கு முன் மூன்று இனிஷியல். ஆதாரில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிறது. எப்படிப் பதிவது? (கானாடுகாத்தான்)

ப: பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. அசல் பாஸ்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். ஆதார் அதற்கு ஈடாகாது.

கே: மாதவிலக்கு நாளில் போகலாமா? (கோட்டையூர்)

ப: சிறுநீர்ப் பரிசோதனை உண்டென்றால் தள்ளிப்போடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்து மறுபடி வரச் சொல்வார்கள். நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள்.