மருத்துவச்சி ‘மட்டும்’தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகின் முதல் பெண் மருத்துவர் எகிப்தின் மெரிட் ப்தா என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, சரியா? அந்தக் காலத்துப் பெண்கள் பிரசவம் மட்டும்தானே பார்த்தார்கள்? அதை மருத்துவம் என்று சொல்லலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

மெரிட் ப்தா 1938இல் வெளிவந்த ஒரு வரலாற்று நூலின் குழப்பத்தில் பிறந்தவர். எகிப்தின் கீசாவில் ஒரு கல்லறையில் உண்மையாகவே பெயர் இருப்பது பெசெஷெட் என்ற பெண்ணுக்கு. அவருடைய பட்டம் ‘பெண் மருத்துவர்களின் மேற்பார்வையாளர்’. யார் முதல் என்ற போட்டியை விடுங்கள். அந்தப் பன்மையைப் பாருங்கள்.

ஏதென்ஸை அடுத்த மெனிடியில் கிடைத்த பொ.மு. (கி.மு.) 4ஆம் நூற்றாண்டு நடுகல், ஃபனோஸ்ட்ராட்டி என்ற பெண்ணை மருத்துவச்சி, மருத்துவர் என்று இரண்டாகவும் சொல்கிறது. மருத்துவர் என்பதற்கு அங்கே ஆண்பாற் சொல்லையே செதுக்கியிருக்கிறார்கள்.

பிரசவம் ‘மட்டும்’ என்கிறீர்கள். பொ.பி. (கி.பி.) 2ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், மருத்துவச்சிக்கு முதலில் கேட்பது எழுத்தறிவு. சிறந்தவள் என்றால் உணவு, அறுவை, மருந்து மூன்றிலும் தேர்ந்திருக்க வேண்டும். பிரசவ நாற்காலியின் நடுவே பிறைவடிவத் துளை இருக்கும்; அது பெரிதானால் தாய் உள்ளே இறங்கிவிடுவாள், சிறிதானால் உறுப்பு நசுங்கும். துணைக்கு மூன்று பெண்கள்: பக்கத்துக்கு ஒருத்தி, முதுகுப்புறம் ஒருத்தி.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து நான்கு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்கு இரும்பு ஆகாது என்று பலர் நாணலாலும் கண்ணாடியாலும் ஓட்டுச் சில்லாலும், ஏன், ரொட்டியின் காய்ந்த விளிம்பாலும்கூட அறுத்தார்கள். மழுங்கிய விளிம்பு கொடியை நசுக்கும். கூரிய கத்திதான் சரி, சகுனம் பார்ப்பது அபத்தம் என்கிறார் அவர். அறுத்த நுனியில் உறைந்த இரத்தத்தைப் பிதுக்கிவிட்டுக் கம்பளி நூலால் கட்ட வேண்டும். லினன் (ஆளிநார்) நூல் இளஞ்சதையை வருத்தும். நஞ்சுக்கொடி இன்னும் வெளிவரவில்லையா? இரண்டு இடத்தில் கட்டி நடுவே அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய்க்கு இரத்தப்போக்கு.

தாய் கூசி உடலை இறுக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், மருத்துவச்சி அவளுடைய மறைவிடத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்றும் எழுதுகிறார். பண்டை ரோமின் துறைமுக நகரான ஒஸ்தியாவை ஒட்டிய ஐசோலா சாக்ராவில் ஸ்கிரிபோனியா அட்டிகே என்ற மருத்துவச்சியின் கல்லறைச் சுடுமண் பலகையைப் பாருங்கள். பிரசவ நாற்காலியில் தாய், பின்னாலிருந்து தாங்கும் ஒருத்தி, எதிரே தாழ்ந்த முக்காலியில் மருத்துவச்சி. அவள் கை வேலையில் இருக்கிறது, முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது.