பயிற்சி முடிந்த மறுநாள்

அன்புள்ள ஐயா,

நான் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியை. ஆண்டுதோறும் பணியிடைப் பயிற்சிக்குப் போகிறேன். இரண்டு நாள். முதலில் ஒரு விளையாட்டு, அப்புறம் குழு வேலை, சார்ட் தாளில் எழுதி ஒட்டுவது, கடைசியில் கருத்துப் படிவம், சான்றிதழ். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாம் பழையபடிதான். எங்கள் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு முறையும் உற்சாகமாகத் திரும்பி வருவார். இரண்டு வாரம் தாங்கும். கற்பிக்கும் திறமை பிறவியிலேயே வருவதுதானோ என்று தோன்றுகிறது. இதற்கிடையில் அடுத்த பயிற்சிக்கு என்னையே கருத்தாளராக, அதாவது பயிற்சி கொடுப்பவராகப் போகச் சொல்கிறார்கள். போவதா, ஏதாவது காரணம் சொல்லித் தப்பிப்பதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

போங்கள். எப்படிப் போவது என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பிறவித் திறமை. உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் அது ஒன்றுதான்.

டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு கணக்குச் சொன்னார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவருக்கு ஆசிரியர் செய்தது தெரியும். அந்தக் கேள்வியை ஏன் அப்போது கேட்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரியாது. பிறவி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டதுதான். வகுப்பே சத்தம் போடும்போது நம் வாய் தானாக நம்முடைய பழைய ஆசிரியரைப் போலப் பேச ஆரம்பிக்கும். அந்த 13,000 மணி நேரத்தோடு இரண்டு நாள் மோதினால் எது ஜெயிக்கும்?

உங்கள் இளம் ஆசிரியை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆசிரியரின் மனதை மாற்றினால் வகுப்பு மாறிவிடும் என்ற எண்ணத்தில்தான் பல பயிற்சிகள் நடக்கின்றன. அதனால்தான் அவ்வளவு கைதட்டலும் உற்சாகப் பேச்சும். கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் இந்த வரிசையையே திருப்பிப் போட்டார். ஆசிரியர் ஒன்றைச் செய்து பார்க்கிறார், பிள்ளைகள் எழுதுவதில் வித்தியாசம் தெரிகிறது, நம்பிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது என்றார். எனக்கு இது சரி என்றே படுகிறது. எந்தப் புதிய முறையும் முதல் இரண்டு வாரம் பழையதைவிட மோசமாகத்தான் போகும். நேரம் இழுக்கும், பாடம் பின்தங்கும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே முகம் சுளிப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பயிற்சி கொடுத்தவரோ அதற்குள் அடுத்த கூட்டத்துக்குப் போயிருப்பார்.

பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். வகுப்புக்கே வந்து கவனித்து, ஆசிரியரோடு தொடர்ந்து பேசும் துணையாளர்களைப் பற்றிய 60 ஆய்வுகளை மேத்யூ கிராஃப்ட் என்ற கல்வி ஆய்வாளரும் அவரது சகாக்களும் 2018இல் தொகுத்தார்கள். கற்பிக்கும் விதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளைகளின் தேர்வு முடிவுகளில் அதைவிடக் குறைவு, ஆனாலும் இருந்தது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கியது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. நூறு ஆசிரியர்களுக்கு நல்ல துணையாளர்களைத் தேடிப் பிடிக்கலாம், பத்தாயிரம் பேருக்கு எங்கே போவது?

ஆகவே அடுத்த வகுப்பறையில் இருப்பவர்தான் கதி. ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக இதை ஒரு முறையாகவே செய்து வருகிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அவர்களுடைய கண் பிள்ளைகளின் மேல் இருக்கும். யார் எங்கே திணறினார்கள், யார் பக்கத்து நோட்டைப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள், சில நேரம் வேறொரு வகுப்பில் மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். திட்டம் எல்லோருடையதும் என்பதால், சொதப்பினாலும் நடத்தியவர் தலை உருளாது. வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தாலே ஆய்வுக்கு வந்துவிட்டார்கள் என்று நடுங்கும் நமக்கு இது பெரிய விஷயம்.

சரி, பயிற்சியில் எதைப் பேசுவது? உங்கள் பாடத்திலிருந்தே எடுக்கிறேன். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்கிறீர்கள். ஒரு பிள்ளை 0.35 என்று எழுதுகிறது. 35 என்பது 5ஐ விடப் பெரியது அல்லவா, அந்தக் கணக்கு. இது எல்லாக் கணித ஆசிரியர்களுக்கும் தெரிந்த தவறு. தெரியாமல் தப்பிப்பது இன்னொரு பிள்ளை. புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக் கூட எண் சிறிதாகும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியதுதானே, அதிலிருந்து வந்த எண்ணம். அந்தப் பிள்ளை 0.5தான் பெரியது என்று சரியாக எழுதிவிடும், நீங்களும் டிக் போட்டுவிடுவீர்கள். அடுத்து 0.625, 0.5 என்று கொடுத்துப் பாருங்கள். அப்போதும் 0.5தான் பெரியது என்று எழுதும். முதல் பிள்ளையோ இம்முறை சரியாக எழுதிவிடும், காரணம் மட்டும் அதே தவறான காரணம். ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தால் இரண்டில் ஒரு பிள்ளை நம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

எந்த இரண்டு எண்களைக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மாட்டும், மாட்டியபின் முதலில் எதைக் கேட்பது என்று இருபது ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டால், அதை நான் பயிற்சி என்பேன். ‘குழந்தை மையக் கற்றல்’ பற்றி நாள் முழுக்கப் பேசுவதைவிட இதில் அதிகம் நடக்கும்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு நாளையும் சேர்த்து வைக்காமல் நடுவில் மூன்று வாரம் இடைவெளி கேளுங்கள். வருபவர்கள் தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவரட்டும், நல்ல நோட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரக்கூடாது. முதல் நாள் அந்தத் தவறுகளை வைத்து ஒரு பாடவேளையை மட்டும் திட்டமிடுங்கள். இடைவெளியில் ஒரே பள்ளிக்காரர்கள் இருவர் இருவராக அதை நடத்திப் பார்க்கட்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்காவிட்டால் கைபேசியில் குரலைப் பதிவு செய்தால் போதும். அதில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செலவில்லாத காரியம். ஆனால் தன் குரலைத் தானே கேட்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

இரண்டாம் நாள் அந்த நோட்டுகளையும் பதிவுகளையும் வைத்துப் பேசுங்கள். இடைவெளி தர முடியாது என்று சொன்னால் முதல் நாள் வேலையையே இரண்டு நாளுக்கு நீட்டுங்கள், இருவர் இருவராகச் செய்வதை அவர்கள் பள்ளிக்குத் திரும்பியபின் தொடரட்டும். கருத்துப் படிவத்தில் உங்களுக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும். விளையாட்டு வைக்காத கருத்தாளருக்கு அப்படித்தான் போடுவார்கள்.