டிஷ்வாஷரில் போட்டது ஏன் பாழாகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிஷ்வாஷர் வாங்கிய புதிதிலேயே அலுமினியப் பாத்திரம் கறுத்துவிட்டது, வார்ப்பிரும்பு வாணலி துருப்பிடித்துவிட்டது. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே தேய்ப்பதற்குக் கை கிடையாது, அந்த வேலையைச் சூடும் காரத்தன்மையும் நேரமும் சேர்ந்துதான் செய்கின்றன. டிஷ்வாஷர் டிடர்ஜெண்ட், கையால் தேய்க்கும்போது ஊற்றுகிற திரவத்தைவிட எவ்வளவோ காரத்தன்மை கூடியது. தண்ணீரும் புரோகிராமைப் பொறுத்து 50 முதல் 70 டிகிரி வரை சூடாகும். அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை இது அரித்துவிடுவதால்தான் பாத்திரம் கறுக்கிறது, சில சமயம் தொட்டால் கையிலும் ஒட்டுகிறது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை அதிலேயே கொதிக்கவிட்டால் கறுப்பு ஓரளவு போகும், ஆனால் திரும்ப மெஷினில் போட்டால் திரும்பக் கறுக்கும்.

வார்ப்பிரும்பு விஷயம் இன்னும் வருத்தமானது. எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிப் பழக்கி வந்த அந்தப் பூச்சை ஒரே கழுவல் உரித்துவிடும். அப்புறம் துருதானே! நன்றாகத் தேய்த்து, உடனே காயவைத்து, எண்ணெய் தடவி மறுபடி பழக்குங்கள், வாணலி மீண்டுவிடும். மரக்கரண்டி, மரக் கைப்பிடி போட்ட கத்தி, தங்க விளிம்பு போட்ட தட்டு, இவையும் உள்ளே போகவே கூடாது. நல்ல கத்தி எதுவானாலும் கையால் கழுவுங்கள். பக்கத்துப் பாத்திரங்களில் இடித்தே முனை மழுங்கிவிடும்.

கேள்வி: கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் மங்கலாகிவிட்டன. டிடர்ஜெண்டைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கூட்டாதீர்கள், முதலில் எந்த மங்கல் என்று பாருங்கள். ஒரு டம்ளரை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் துடையுங்கள். பளிச்சென்று ஆனால் அது கடின நீரின் சுண்ணாம்புப் படிவு, அதைத் தடுக்க வழி இருக்கிறது: மெஷினில் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி இருந்தால் அதற்கான உப்பைத் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவத்தையும் ஊற்றுங்கள். ரின்ஸ் எய்ட் இருந்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும், கறை நிற்காது. வினிகருக்கும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, அதை யாராலும் சரிசெய்ய முடியாது. மென்மையான தண்ணீரோடு அதிகச் சூடும் அதிக டிடர்ஜெண்டும் சேரும்போதுதான் இது வருகிறது, அதனால்தான் கூட்டாதீர்கள் என்கிறேன். மீதி டம்ளர்களையாவது காப்பாற்ற, டிடர்ஜெண்டைக் குறைத்துச் சூடு குறைந்த புரோகிராமில் போடுங்கள்.

கேள்வி: அந்த உப்புக்குப் பதில் சமையல் உப்பு போடலாமா?

பதில்: வேண்டாம். அதில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் அதன் பொடித்தன்மையும் மெஷினுக்கு ஆகாது. சரியான உப்பையும் கழுவல் ஓட்டுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். சிந்திய உப்பு நீர் உள்ளேயே தங்கினால் ஸ்டீலிலும் துரு வரும்.

கேள்வி: எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் வைக்கிறேன், ஆனாலும் ஸ்பூன்களில் அழுக்கு ஒட்டியிருக்கிறது. ஏன்?

பதில்: அலசவே வேண்டாம், மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். பல டிடர்ஜெண்டுகளில் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் இருக்கின்றன, காய்ந்த கறையை அவை பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீர் போய்ச் சேருகிறதா என்பதைத்தான். ஸ்பூன்கள் ஒன்றுக்குள் ஒன்று அடைந்து நின்றால் நடுவில் தண்ணீர் நுழையாது, எனவே சிலவற்றைத் தலைகீழாக மாற்றி மாற்றி வையுங்கள். மெஷினை ஓட்டும் முன், தண்ணீரைப் பீய்ச்சும் சுழலும் கைகளை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், ஏதாவது கரண்டிக் காம்பு தடுத்தால் பாத்திரம் அடுக்கும் அந்தத் தட்டில் உள்ள எதுவும் சுத்தமாகாது. அடியில் இருக்கும் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள். சுழலும் கைகளில் உள்ள துளைகள் அடைத்திருந்தால் பல்குச்சியால் எடுத்துவிடலாம். அவசரத்துக்குக்கூடக் கையால் தேய்க்கும் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பா மட்டும் காய்வதே இல்லையே?

பதில்: பீங்கானைப்போல பிளாஸ்டிக் சூட்டைத் தேக்கி வைப்பதில்லை, அதனால் தண்ணீர் ஆவியாகாமல் நின்றுவிடுகிறது. சூடேற்றும் கம்பி அடியில் இருக்கும் மெஷின்கள் உண்டு, அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் நெளியலாம், ஆகவே மேல் தட்டில் சாய்த்துக் கவிழ்த்து வையுங்கள், முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். எடுக்கும்போது கீழ்த் தட்டை முதலில் காலி செய்யுங்கள். மேல் தட்டை முதலில் இழுத்தால் டப்பாக்களின் அடிக்குழியில் தேங்கிய தண்ணீர் கீழே காய்ந்திருக்கும் பாத்திரங்கள் மேல் கொட்டிவிடும்.