வார்சோனுக்கு போர்ட்டலா, ஸ்டீம் டெக்கா?

இரவில் டிவி கிடைப்பதில்லை, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) சும்மா கிடக்கிறது, நண்பர்களோடு வார்சோன் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆட, சோனியின் போர்ட்டல், வால்வின் ஸ்டீம் டெக் என்ற இரண்டு கையடக்க கேம் கருவிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வார்சோன் என்றால் ஸ்டீம் டெக்கை மறந்துவிடுங்கள். அதிலுள்ள லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த ஆட்டத்தின் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) ஓடாது. ஃபோர்ட்நைட் ஆட்டமும் அப்படித்தான். அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் அதையும் அடைத்துவிட்டார்கள். விண்டோஸ் ஏற்றலாம்தான், ஆனால் அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு?

போர்ட்டல் ஆட்டத்தைத் தானே ஓட்டாது. ரிமோட் பிளே முறையில் எல்லாம் பிஎஸ்5இல் நடக்கும், படம் மட்டும் வைஃபையில் வரும். அதாவது தாமதம் இரண்டு கட்டம்: சர்வரிலிருந்து பிஎஸ்5க்கு, அங்கிருந்து உங்கள் கைக்கு. அதனால் பிஎஸ்5ஐ லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள், போர்ட்டலை 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். 2.4இல் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல் அதிகம். சரியாகக் குறி பார்க்கும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம், சாதாரண புளூடூத் ஹெட்செட் இதில் சேராது, 3.5 மி.மீ. வயர் ஹெட்செட் போதும்.

வாங்கும் முன் போனில் ரிமோட் பிளே ஆப் போட்டு, நீங்கள் ஆடப்போகும் அறையிலேயே ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள், இலவசம்தான். அங்கே திக்கினால் முதலில் ரவுட்டரைக் கவனியுங்கள்.